அத்தான் வெட்டிய புள்ளிகள்

1

அக்கா நச்சரித்ததால்தான் இந்தக் கதை. நானாக இருந்தால் உலோகப் படிகங்கள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டேன். அக்காவும் அத்தானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்கள். இரண்டு மூன்று உலோகங்களை உருக்கிச் சேர்த்தால் வரும் படிகத்தில் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பிழைப்பு.

முதல் தொடக்கம்: வெள்ளியாய் மின்னிய அந்தப் படிகம், காலத்தின் மௌனத்தை... (சகிக்கவில்லை. விட்டுவிட்டேன்.)

2

இரண்டாம் தொடக்கம். படிகம் என்பது ஒரே மாதிரிக் கூடுகளின் அடுக்கு. சாப்பாட்டு உப்பில் ஒரு கூட்டுக்குள் எட்டே அணுக்கள். இவர்கள் எடுத்துக்கொண்ட உலோகச் சேர்மத்தில் எழுநூற்றுச் சொச்சம்.* அத்தான் இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அந்தக் கூட்டை வரைந்தார். ஒரே ஒரு அணு மட்டும் அடங்கவில்லை. பாதிக் கூடுகளில் இங்கே, மீதியில் சற்றுத் தள்ளி, ஒழுங்கே கிடையாது என்று எழுதி முடித்துவிட்டார். கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

* அக்கா: "சொச்சம்னெல்லாம் எழுதாத, மானம் போகுது."

3

படிகத்தின் வழியே எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படத்தில் பளிச்சென்ற புள்ளிகளுக்கு நடுவே மங்கலாகச் சில புள்ளிகள் இருந்தன. வெறும் இரைச்சல் என்று அத்தான் வெட்டிவிட்டார். அக்கா வெட்டாமல் அவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டாள். கூடு இரண்டு மடங்கு பெரியது. அந்த அணு இங்கே, அங்கே என்று ஒழுங்காகத்தான் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறது.

"அவர்கிட்டயே சொல்லித் தொலையேன்," என்றேன்.

"ரெண்டு வருஷ உழைப்பு. மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

"சொல்லலேன்னா?"

"அச்சாயிடும். அப்புறம் ஊரே சொல்லும்."

4

முடிவு அ: சொல்லிவிடுகிறாள்.
முடிவு ஆ: வாயை மூடிக்கொள்கிறாள்.

இரண்டையும் பாதிப் பாதி வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"அதைத்தானே அவரும் செஞ்சாரு!" என்று கத்தினாள். "சராசரி எடுத்தாத்தான் பாதிப் பாதி. நிஜத்துல ஒவ்வொரு கூட்டுலயும் அது ரெண்டுல ஏதாவது ஒரு எடத்துலதான் இருக்கு."

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே மேசையில் எதிரெதிரே வேலை செய்கிறவர்களுக்கு நடுவில் நான் எதற்கு, கதை எதற்கு என்று கேட்டேன்.

"நீ எழுதுறதையெல்லாம் அவர்தானே முதல்ல படிப்பாரு," என்றாள்.

5

ஆகவே, அத்தான், என்னை எழுத்தாளனாக மதித்துத்தான் கேட்டாள் என்று நம்பிய எனக்கு நன்றாக வேண்டும். அவள் பயப்படுவது உங்கள் கோபத்துக்கு அல்ல, நீங்கள் உடைந்துபோவீர்கள் என்றுதான். அடுத்த அறையில் இருக்கிறாள். இந்நேரம் எந்த வரியில் இருக்கிறீர்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். முடிவை நான் எழுதுவதாக இல்லை. காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள்.