கை கழுவும் இடம்

கெளுத்தி முள் குத்திய கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டதால், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்திருந்தாள் ஆதியம்மாள். மீன் விற்கிற வாய் எத்தனை நாள் சும்மா கிடக்கும்? இரண்டு நாள் வலியில் முனகியது. மூன்றாம் நாளே வார்டில் இருந்த அத்தனை பேரின் கதையையும் கறந்துவிட்டது.

ஐந்தாம் நாள் காலை மேலாளர் ஹரிஹரன் அவள் கட்டிலைத் தேடி வந்தார். அதுவரை அந்தப் பக்கம் தலைகாட்டாதவர். நோயாளிகளின் பாதுகாப்புக்கென்று அரசு புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறதாம். மதியம் அதிகாரி சோதனைக்கு வருகிறாராம். அவர் கேட்டால் மருந்து கொடுக்குமுன் பெயர் கேட்கிறார்கள், தொடுமுன் கை கழுவுகிறார்கள், வேறு குறை இல்லை என்று சொல்ல வேண்டும். நன்றாகப் பேசுகிறவள் என்றுதான் அவளைத் தேர்ந்தெடுத்ததாகக் குழைந்தார். ஆதியம்மாளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துக் காட்டினாள்.

அவர் போனதும் வார்டு மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். முந்தின நாள்தான் அங்கே ஒரு வெள்ளைத் தொட்டியும் குழாயும் பொருத்தி, ‘கை கழுவும் இடம்’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். விடிந்ததும் பல் விளக்கப் போனவள் திருகிப் பார்த்தாள். காற்றுகூட வரவில்லை. குனிந்து பார்த்தால், தொட்டிக்கு அடியில் பைப்பே இல்லை. நர்ஸ் சுவேதாவிடம் விசாரித்தாள். தண்ணீர் கேட்டு மூன்று மாதமாக எழுதிக் கொடுத்தும் பலனில்லை என்றாள் சுவேதா. ஒவ்வொரு முறையும் கீழ்மாடிக்கு ஓட வேண்டியிருந்தது. அவசரத்தில் சில சமயம் ஓடுவதில்லை என்பதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்தது. ஆதியம்மாள் தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். சிரிப்பு கொஞ்சம் வற்றியது.

மதியம் வந்த அதிகாரி அச்சுதன் ஒரு டாக்டர். ஆதியம்மாள் மூன்று பதிலையும் பிசகாமல் சொன்னாள். ஹரிஹரனின் முகம் மலர்ந்தது. வீக்கம் எப்படியிருக்கிறது என்று பார்க்க அச்சுதன் கையை நீட்டினார். அவள் தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கை கழுவிட்டு தொடுங்க சார்.”

அவர் பெரிய டாக்டர் என்று ஹரிஹரன் குறுக்கே விழுந்தார்.

“பெரிய டாக்டருக்கு சட்டம் இல்லியா? நீங்கதான சார் காலைல சொல்லிக் குடுத்தீங்க.”

அச்சுதனின் மீசை லேசாகத் துடித்தது. மூலையை நோக்கி நடந்தார். தம் அறையில் நல்ல சோப்பு இருக்கிறது, அங்கே போகலாம் என்று ஹரிஹரன் பின்னாலேயே ஓடினார். அதற்குள் அச்சுதன் குழாயைத் திருகிவிட்டார். திருகு அவர் கையோடு வந்துவிட்டது.

“இன்னா சார், தண்ணி வர்லியா?” என்றாள் ஆதியம்மாள், ஒன்றும் அறியாதவள் போல.

அச்சுதன் குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு சுவேதாவைக் கூப்பிட்டார். அவள் ஒரு நொடி தயங்கிவிட்டு, எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல்களை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்தாள். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் வர வேண்டும், இல்லையென்றால் உரிமத்தில் கைவைக்க வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் அச்சுதன்.

அன்று மாலை ஆதியம்மாளுக்கு உள்ளூர உதறல்தான். கை இன்னும் இவர்களிடம் அல்லவா இருக்கிறது! ஆனால் வார்டு டாக்டர் அவள் பெயரை இரண்டு தடவை கேட்டு, கீழே போய்க் கை கழுவி வந்து, மிகுந்த மரியாதையோடு கட்டைப் பிரித்தார்.

இரண்டே நாளில் குழாயில் தண்ணீர் கொட்டியது. அன்று அவள் புருஷன் தேசப்பன், சாப்பாட்டுத் தூக்கோடு நேராகக் கட்டிலுக்கு வந்தார். சுவேதா அவரை மறித்து மூலையைக் காட்டினாள்.

“கடல்லேர்ந்து நேரா வந்துகினு கீறேன், அத்தவிடவா தண்ணி?” என்று முனகிக்கொண்டே அவர் தொட்டியை நோக்கி நடந்தார்.