ஆளுக்கொரு மைக்

மைக் கேட்டு வந்தவரிடம் எங்கள் குடும்பம் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. என் அப்பா சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஸ்பீக்கர் பெட்டிகளில் எங்கள் பெயரை எழுதி வைத்திருப்பது அழகுக்காக அல்ல.

ஆகவே, தொடக்கப்பள்ளியின் இசை நாடகத்துக்கு முந்தின வாரம் ஊர்ப் பல் டாக்டர் எங்கள் மைக்செட் கடைக்கு வந்து, “போன வருஷம் என் பையன் பாடினது ஒரு எழுத்துகூடக் கேக்கல சார். இந்தத் தடவை அவன் முன்னாடி தனியா ஒரு மைக் வெச்சிடுங்க” என்றபோது, சரி என்றேன்.

மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். வெளியே போய்ச் சொல்லிவிட்டார். நாடகத்து முயலின் அம்மா வந்தார். மேகத்தின் அப்பா வந்தார். நாடகம் முழுக்க மரமாக நின்று, கடைசிப் பாட்டில் மட்டும் வாய் திறக்கும் பெண்ணுக்காக அவளுடைய தாய்மாமன் வந்தார். எல்லோருக்கும் வாக்குக் கொடுத்தேன். கடையிலிருந்த மைக் போதாமல் வெளியே வாடகைக்கு எடுத்தேன்.

பள்ளியின் கூடமோ பாட்டுக்காகக் கட்டியதல்ல. மதியம் அங்கே சாப்பாடு, மற்ற நேரத்தில் பந்து விளையாட்டு. தரை முழுக்க வழவழப்பான ஓடு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கையைத் தட்டி நிறுத்தினால், சுவர் தன் பங்குக்குக் கொஞ்ச நேரம் தட்டும்.

ஒத்திகை அன்று எல்லா மைக்கையும் திறந்தோம். முதல் பாட்டின் முதல் வரியிலேயே ஸ்பீக்கர்கள் கீச்சென்று அலறின. மேகம் அழுதது. முயல் காதைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடியது. பாட்டு டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“நாளைக்கும் இப்படின்னா ரெக்கார்டு பண்ணின பாட்டைப் போட்டுடுவேங்க. பசங்க வாய மட்டும் அசைக்கட்டும்.”

“எங்க செட்டை வெச்சுக்கிட்டு வாயசைப்பா?”

“மாசக்கணக்கா உயிரைக் குடுத்துப் பழக்கினேன். ஒரு வார்த்தை கேக்குதா? நீங்களே சொல்லுங்க.”

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தேன். என் மகனுக்குக் கேபிளை ஒழுங்காகச் சுற்றக்கூட வராது. தொழில் அவள் கையில்தான் இருக்கிறது. வாயும் அவளிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

“நான் அன்னிக்கே சொன்னேன் மாமா. ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் திரும்ப அத்தனை மைக்குக்குள்ளயும் போகுது. அலறாம என்ன பண்ணும்? மேடை ஓரத்துல மூணு, கதை சொல்ற பொண்ணுக்கு ஒண்ணு. அவ்வளவுதான். ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னாடி, ஜனங்க பக்கமாத் தள்ளி வெப்போம். கண்ணாடிக்குக் கெட்டியா திரை போடுவோம். கூட வர்ற மியூசிக்கைக் கொறைச்சா பசங்க குரல் தானா மேல வரும்.”

“நான் வாக்குக் குடுத்திருக்கேன்மா.”

“மைக் தர்றேன்னுதானே சொன்னீங்க? தந்துடுவோம். ஒயரை மட்டும் சொருக வேணாம்.”

“செத்த மைக்கைக் காட்டி ஏமாத்துற வேலை இந்த வீட்டுக்குப் பழக்கமில்ல.”

“அப்ப நீங்களே போய் இல்லைன்னு சொல்லுங்க. பசங்க பாட்டா, உங்க வாக்கா? ரெண்டுல எது போகணும்னு முடிவு பண்ணுங்க மாமா. எனக்கு வேலை கெடக்கு.”

மாமனாரிடம் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் அன்று ராத்திரியே வாடகை மைக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்குத் திரை கட்டினேன்.

மறுநாள் கூடம் நிரம்பியதும் மேடையேறினேன்.

“உங்க பிள்ளைங்களுக்குத் தனித்தனியா மைக் வெக்கிறதாச் சொல்லியிருந்தேன். வெக்கல. வெச்சா யாரோட பிள்ளை பாடுறதும் கேக்காது. நீங்க பேசாம உக்காந்தா எல்லார் பிள்ளை பாடுறதும் கேக்கும்.”

கூடம் சலசலத்தது. “என்ன பெரியவரே, குடுத்த வாக்கு என்னாச்சு?” என்றார் மரத்தின் தாய்மாமன்.

“போச்சுங்க” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது.

பல் டாக்டர் எழுந்து ஏதோ ஆரம்பித்தார்.

“உக்காருங்க டாக்டர். உங்க நாற்காலில நீங்க சொல்ற வரைக்கும் நான் வாயை மூடறேனா? இங்க நான் சொல்ற வரைக்கும் நீங்க திறக்காதீங்க.”

சிரிப்பு எழுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு கூடத்தின் கடைசியில் போய் நின்றேன்.

கேட்டது. முயலின் மூக்கடைப்பு கேட்டது. மரம் தன் வரிக்கு முன் மூச்சிழுத்தது கேட்டது. ஒரு சொல் தவறவில்லை. பாட்டு டீச்சர் ரெக்கார்டுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. பல் டாக்டரின் மகன் தவளை. அவன் ஒரு சுருதியிலும் மற்ற பிள்ளைகள் ஒரு சுருதியிலும் பாடியது, கடைசி நாற்காலி வரைக்கும் தெள்ளத்தெளிவாகக் கேட்டது.

முடிந்ததும் டாக்டர் என்னைத் தேடி வந்தார். பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

“எல்லாம் பிரமாதமாக் கேட்டுது சார். ஆனா என் பையன் குரல் மட்டும் கொஞ்சம்… அதிகமாக் கேட்ட மாதிரி இல்ல? இவ்வளவு தெளிவு தேவையா?”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “கேக்க வெக்கிறதுதான் எங்க தொழில் டாக்டர். பாட வெக்கிறது இல்ல.”

அதற்குள் தவளை பச்சைச் சாயம் வழிய ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தது. “அப்பா, நான் பாடினது கேட்டுச்சா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“கடைசி ஆள் வரைக்கும் கேட்டுச்சுடா” என்றார்.

அதில் பொய் இல்லை. நான் திரும்பி, கேபிள்களைச் சுற்றும்படி மருமகளுக்கு உத்தரவிட்டேன். அவள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருந்தாள்.