செவலையின் வால்

அமிர்தத்துக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கச்சிராயபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பெற்ற பெண் சனிக்கிழமை காலையிலிருந்து ஒரு சார்ட் பேப்பர் முன்னால் குந்திக்கொண்டு, வரைந்து அழித்து, வரைந்து அழித்து, கடைசியில் தாளே ஓட்டையாகி, அதைக் கசக்கி மூலையில் எறிந்துவிட்டு அடுத்ததை விரித்தால் எந்தப் பொறுமைசாலிக்கும் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விரித்திருப்பது ஐந்தாவது சார்ட்.

தேவிப்ரியாவுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கணக்கு நோட்டில் ஓர் எண் கோட்டைத் தாண்டி இறங்கிவிட்டால் பக்கத்தையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுகிற பிறவி. ரிப்பன் இரண்டு பக்கமும் ஒரே அளவு தொங்காவிட்டால், பள்ளி வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும் நகராது. அப்படிப்பட்ட பிள்ளையிடம் போய்த்தான் அவளுடைய டிராயிங் மிஸ் நிர்மலா ஆண்டு விழாவுக்கு ஒரு படம் கேட்டிருந்தார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மலை அருவி, முழு சார்ட், திங்கட்கிழமை காலைக்குள். அழித்த தடம் இருக்கக் கூடாது. கீழே மூன்று பூங்கொத்துப் படம் வேறு.

அழித்த தடம் இருக்கக் கூடாதாம்! படித்ததும் அமிர்தம் போனைப் பாயில் விட்டெறிந்தாள்.

"அப்புறம் இன்னாத்துக்குடி கடையில ரப்பரு விக்கிறான்? தின்றதுக்கா?"

காலையில் போட்ட இட்லி தட்டிலேயே காய்ந்து கிடந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ரப்பர் ஒரு பட்டாணி அளவுக்கு வந்திருந்தது. தேவி அதை இரண்டு விரலால் இடுக்கிப் பிடித்து அருவியின் இடது பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மரவள்ளிக் காட்டில் களை எடுக்க நான்கு பேர் வந்திருந்தார்கள். மேற்பார்வை பார்க்க வேண்டியவள் இங்கே பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். புருஷன் சின்னதுரை ஜீப் ஓட்டுகிறவன். ஞாயிறு என்றால் அருவி பார்க்க வருகிற கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கரியாலூருக்குப் போய்விடுவான். வீட்டில் அருவியோடு மல்லுக்கட்ட அமிர்தம் ஒருத்திதான்.

"தண்ணி நேராத்தானடி வுழும்? ஸ்கேல வெச்சு நாலு கோடு போடு."

"தண்ணி ஸ்கேல் மாரியா வுழும்?"

"செரி, ஏதோ ஒரு மாரியா வரைஞ்சி குட்த்துட்டு வாயேன்."

"ஒரு மாரின்னா எந்த மாரி?"

அமிர்தம் பென்சிலைப் பிடுங்கி அருவிக்கு அடியில் ஒரு பாறையை வரைந்து காட்டினாள். அது தோண்டிப் போட்ட மரவள்ளிக் கிழங்கு மாதிரி வந்தது. சிரிப்பாள் என்று பார்த்தால் தேவியின் உதடு கோணிக்கொண்டு போயிற்று. அந்தச் சார்ட்டும் மூலைக்குப் பறந்தது.

"ஏண்டி, உன்ன இன்னா பிசாசா புட்ச்சிக்கினுகீது? போன வர்ஷம் வரைஞ்சியே, அந்தக் கைதான இது? அதோ மாட்டி வெச்சிக்கினுகீறமே, அத்தப் பாத்து அதே மாரி வரையறதுக்கு இன்னா கேடு?"

டிவிக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருந்த படத்தை அவள் கை காட்டியது. அதுவும் அருவிதான். போன ஆண்டு விழாவில் சுவரில் தொங்கியது. விழா முடிந்து வீட்டுக்குக் கொடுத்தபோது சின்னதுரை கள்ளக்குறிச்சியில் ஃபிரேம் போட்டு வாங்கி வந்தான். வெள்ளை வெளேரென்று விழுகிற தண்ணீர். மேலே வானவில். கரையில் கழுத்தை வளைத்துத் தண்ணீர் குடிக்கிற ஒரு மான். கீழே ஒட்டியிருந்த சின்ன அட்டையில், தேவிப்ரியா, நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவு.

"அது நான் வரையல."

அமிர்தம் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாள்.

"இன்னா?"

"அது நான் வரையலம்மா!" தேவி கத்தினாள். குரல் உயர்த்திப் பேசாத பிள்ளை, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "மிஸ் வரைஞ்சது. நான் வேற குட்த்தேன். நான் குட்த்தத வாங்கி வெச்சிக்கினாங்க, ஒண்ணுமே சொல்லல. விழாவுல போயி பாத்தா செவுத்துல இது தொங்குது. கீழ என் பேரு. எல்லாரும் கை தட்னாங்க. நீயும் தட்ன!"

வாசலில் படுத்திருந்த செவலை நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

ஒரு வருஷம்! அமிர்தத்துக்கு முதலில் வந்தது பிள்ளை மேல்தான் ஆத்திரம். கை ஓங்கிக்கூட விட்டாள். "ஒரு வர்ஷமா ஏண்டி வாயத் தொறக்கல?"

"எப்புடி தொறக்கறது? நீதான் வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டிக்கினே இருந்தியே."

ஓங்கிய கை அப்படியே நின்றது. நாத்தனாருக்குக் காட்டினாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக் காட்டினாள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சருக்கு ஃபிரேமைக் கழற்றியே காட்டினாள். ஒவ்வொரு தடவையும் இந்தப் பிள்ளை எழுந்து சமையலறைக்குள் போய்விடும். கூச்சம் என்றல்லவா நினைத்தாள்! கூச்சமாம் கூச்சம். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இந்த வாட்டி மிஸ்ஸு தொடவே முடியாத மாரி வரையணும்," என்றாள் தேவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஒரு கோடு தப்பா இருந்தாலும் மாத்திடுவாங்க. அப்புறம் அதுவும் என்னுது இல்ல."

அப்படியா சங்கதி. இத்தனை சார்ட்டும் அழகுக்காகக் கிழியவில்லை. ஒரு வளர்ந்த பொம்பளையின் கையை எட்டிப் பிடிக்கப் பத்து வயதுக் கை படாத பாடு பட்டிருக்கிறது. அமிர்தம் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஃபிரேமைக் கழற்றி, துண்டில் சுற்றி வாசலோரம் வைத்தாள். அன்று சாயங்காலம் அந்த வீட்டில் பென்சில் எடுக்கப்படவில்லை. தேவி மூன்று இட்லி தின்றாள்.

மறுநாள் காலை வேனை அனுப்பிவிட்டு, இருவரும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போனார்கள். பள்ளி வாசலில் வாட்ச்மேன் ஏதோ கேட்க வந்தவர், அமிர்தத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். நிர்மலா மிஸ் ஆசிரியர் அறையில் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, கண்ணாடி, கொண்டையில் செருகிய பென்சில். அமிர்தம் துண்டை உருவிவிட்டு ஃபிரேமை மேசைமேல் டக்கென்று வைத்தாள். தேவி கதவோரமே நின்றுவிட்டாள்.

"இன்னாங்க மிஸ், இது யாரு வரைஞ்சது?"

"உங்க பாப்பாதாங்க. பேர் போட்டிருக்கே."

"பேரு கீது. நான் பேரக் கேக்கல. வரைஞ்ச கை யாரு கைன்னு கேட்டேன்."

நிர்மலா மிஸ் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "கொஞ்சம் மெதுவா பேசுங்க. எல்லா இடத்துலயும் நடக்கறதுதாங்க இது. புள்ளைங்க வரையறத அப்படியேவா மாட்ட முடியும்? வர்ற விருந்தாளி மூஞ்சி சுளிச்சா என்னைத்தான் கேப்பாங்க. நாப்பது படம்ங்க. கை வலிக்க உக்காந்து நானே போட்டேன். பேரு உங்க புள்ளைங்களுக்குத்தான குடுத்தேன்?"

"பேரு குட்த்தீங்க. யாரு கேட்டா உங்க தானத்த? ஒரு வர்ஷம் எம் பொண்ணு அந்தப் பேரத் தூக்கிக்கினு சொமந்துகீது. அத்தப் பாத்துப் பாத்து ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம குந்திக்கினுகீது. இதுல அழிச்ச தடம் வேற இருக்கக் கூடாதாம்! நீங்க அழிச்சீங்களே, அதுக்கு எங்க தடம்?"

பக்கத்து மேசையில் திருத்திக்கொண்டிருந்த தமிழ் டீச்சர் நோட்டை மூடிவிட்டு வெளியே போனார். நிர்மலா மிஸ்ஸுக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது.

"நீங்க அந்தப் படத்தப் பாத்திருக்கணும்ங்க. அருவின்னு சொன்னா, பக்கத்துல ஒரு ஜீப்பு. லுங்கி கட்டிக்கிட்டு குளிக்கிற ஆளுங்க. ஒரு மான் போட்டிருந்தா, அது பாக்க அப்படியே நாய் மாதிரி இருந்துச்சு. அதைத்தான் சரியா போட்டேன்."

"அது மான் இல்ல மிஸ்."

கதவோரத்திலிருந்து சத்தம் சின்னதாக வந்தது. இருவரும் திரும்பினார்கள்.

"நாய்தான். எங்க செவல. அப்பா ஜீப்புல அதுவும் வரும்."

நல்லாயிருக்கே நியாயம்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். வீட்டு நாயைப் பிடித்து மானாக்கி, வானவில்லும் போட்டு, பிள்ளை பேரையும் ஒட்டிய அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அமிர்தத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில் வருகிற தண்ணீர், அதுதான் ஜாஸ்தி எரியும்.

"அந்தப் படம் எங்க? எம் பொண்ணு வரைஞ்சது. அத்தக் குடுங்க, நாங்க போறோம்."

நிர்மலா மிஸ் கலர் பேப்பர் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இல்லைங்க. பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. தாளும் நல்ல தடிமன். பேர் எழுதறதுக்கு அட்டை பத்தல. அவங்கவங்க படத்துலேருந்தே அவங்கவங்க பேருக்கு ஒரு துண்டு வெட்டிட்டு, மிச்சத்தத் தூக்கிப் போட்டுட்டோம்."

அமிர்தத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் ஃபிரேமைக் குப்புறப் போட்டாள். தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். அட்டையை எடுத்தாள், படத்தை வெளியே இழுத்தாள். கீழே ஒட்டியிருந்த பேர் அட்டையின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, களிமண்ணில் மாட்டிய கிழங்கை உடையாமல் எடுக்கிற பதத்தில், கொஞ்சம் கொஞ்சமாக உரித்தாள். நான்கு மூலையில் மட்டும்தான் பசை இருந்தது. முழுசாக வந்துவிட்டது.

திருப்பினாள்.

பழுப்பு ஸ்கெட்சில் ஒரு நாயின் பின்பாதி. இரண்டு கால். முறுக்கு மாதிரி சுருட்டி மேலே தூக்கிய வால். அதற்குப் பின்னால் கறுப்பில் ஒரு ஜீப்பின் சக்கரம். அவ்வளவுதான் மிச்சம். மேலே தண்ணீர் எங்கே விழுந்தது, எத்தனை பேர் குளித்தார்கள், எதுவும் இல்லை.

நிர்மலா மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

தேவி வந்து அதை வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கிழிக்கப் போகிறாள் என்று அமிர்தம் கையை நீட்டினாள்.

"சக்கரம் முட்டையா கீதும்மா."

"இர்க்கட்டும்டி."

"ஆனா வாலு செரியா கீதுல்ல?"

"அச்சு அசலு," என்றாள் அமிர்தம்.

தேவி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மிஸ்ஸிடம் திரும்பி ஒரு சார்ட் கேட்டாள். நிர்மலா மிஸ் எழுந்து அலமாரியைத் திறந்து கொடுத்தார்.

ஆசிரியர் அறைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு முதல் வேலையாகத் துண்டை ஒட்டினாள், வால் பக்கம் மேலே தெரிய. மிஸ் எழுதிய பேர் அடியில் போயிற்று. பிறகு நாய்க்கு முன்பாதியும் தலையும் வந்தன. ஜீப் வந்தது. முன்சக்கரத்தை வட்டமாகப் போட்டாள், பார்த்தாள், அழித்துவிட்டு முட்டையாகவே போட்டாள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம். அமிர்தம் பக்கத்தில் உட்கார்ந்து வாயைக் கட்டிக்கொண்டு பென்சில் சீவிக் கொடுத்தாள். அது அவளுக்குக் களை எடுப்பதைவிடக் கஷ்டமான வேலை. தண்ணீரை மட்டும் தேவி ஆறு தடவை அழித்தாள். தடம் நன்றாகத் தெரிந்தது, சாம்பல் பூத்த மாதிரி. ஏழாவது தடவை நிறுத்திக்கொண்டு கீழ் மூலையில் தன் கையால் தன் பேரை எழுதினாள். சாப்பாட்டு மணி அடித்தது.

நிர்மலா மிஸ் வெளியே வந்து குனிந்து பார்த்தார். கெட்ட மனசு இல்லை அவருக்கு. முகம் நிஜமாகவே மலர்ந்தது.

"நல்லா இருக்கு தேவி. செவல சூப்பர். இந்தத் தண்ணிய மட்டும் மிஸ் லைட்டா ஒரு டச்..."

கொண்டையிலிருந்த பென்சில் அவர் கைக்கு வந்துவிட்டது. பழக்கம்! அமிர்தம் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து மிச்சம் வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

அதற்குள் சார்ட்டின் மேல் இரண்டு சின்னக் கைகள் விரிந்து பொத்திக்கொண்டன.

"கை வெக்காதீங்க மிஸ்! இது என்னுது!"

சாப்பாட்டுக்கு வரிசையில் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் குரல் யாருடையது என்று கச்சிராயபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அமிர்தம் திறந்த வாயை மூடிக்கொண்டாள். நிர்மலா மிஸ் பென்சிலைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டு, படம் மாட்ட ஆணி எடுத்துவர உள்ளே போனார்.