பெரிய அளவுப் பெட்டி

"இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு" என்றான் அண்ணன்.

ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்திருந்தான். தோளில் பை அப்படியே தொங்கியது. அப்பா முந்தின நாள் இறந்துபோயிருந்தார். தங்கை ஏற்பாடு செய்த இறுதிச்சடங்கு நிறுவனத்தின் முன்னறை அது. அப்பா உள்ளே, குளிர் அறையில். இன்னும் அவன் பார்க்கவில்லை.

தொழிற்சாலை ஒன்றில் அவன் கொள்முதல் அதிகாரி. நாலு இடத்தில் விலை விசாரிக்காமல் ஆணிகூட வாங்க மாட்டான். வருகிற வழியிலேயே போனில் வேறொரு நிறுவனத்திடம் கொட்டேஷன் வாங்கிவிட்டான். அவர்கள் சொன்ன தொகை, இங்கே கேட்டதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"ஜாஸ்தியா கேட்டாதான் எல்லாரும் சண்டை போடுவாங்க. நீ கம்மியா கேட்டதுக்குச் சண்டை போடறியே" என்றாள் தங்கை. இரவெல்லாம் அழுது தொண்டை கட்டியிருந்தது.

"கம்மின்னாதான் சந்தேகமே. எதையோ விட்டிருக்காங்க."

எதிரே இருந்த முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். கோபப்படவில்லை.

"கேளுங்க சார். கேட்காம கையெழுத்துப் போடறவங்கதான் அப்புறம் வருத்தப்படறாங்க."

கேட்டான். குறுக்கு விசாரணை மாதிரியே கேட்டான். அவளும் அசராமல் பதில் சொன்னாள். தகனம் செய்யும் உலை இவர்களுக்கே சொந்தம்; அந்த இன்னொரு நிறுவனத்தார் வெளியே வாடகைக்கு எடுத்து, அதன்மேல் தங்கள் பங்கையும் ஏற்றுகிறார்கள். ஆட்கள் கூடி உட்கார ஹால், வேண்டாமென்றாலும் அங்கே சேர்ந்துதான் வரும். இங்கே கேட்டால் மட்டும். அங்கே பாலீஷ் போட்ட பெட்டி, பித்தளைப் பிடி. இங்கே சாதா மரம்.

அண்ணன் மனக்கணக்குப் போட்டான். தலையாட்டினான். பிறகு நிறுத்தினான்.

"எல்லாம் சரி. அப்படியும் இடிக்குதே! பெரிய அளவுப் பெட்டி, தூக்க ஆறு ஆள், அகலமான உலை. இதுக்கெல்லாம் அவங்க தனியா போட்டிருக்காங்க. உங்ககிட்ட அந்தப் பேச்சே இல்லை?"

முதலாளியம்மா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

"அது தேவைப்படாது சார்."

"தேவைப்படாதா?" குரல் உயர்ந்தது. "எங்கப்பா டயர் கடை வெச்சிருந்தவர். லாரி டயரை ஒத்தை ஆளா தூக்கி மாட்டுவார். மார்க்கெட்டே அவரை ரோடு ரோலர்னுதான் கூப்பிடும். அவரைப் போய் சாதா பெட்டியில திணிப்பீங்களா? நாளைக்கு அத்தனை பேர் முன்னாடி அடிப்பலகை பிளந்து அவர் கீழே விழுந்தா, யார் பதில் சொல்றது?"

விமானத்தில் வந்த நேரம் முழுக்க அவன் கண்முன் ஓடியது அந்தக் காட்சிதான். யார் முன்னாலும் தலைகுனிந்திராத மனிதர். கடைசிப் பயணத்தில் அவமானப்படக் கூடாது. அது ஒன்றுதான் இனி மகனால் முடிந்தது.

போனை எடுத்தான். "அந்த வண்டியை இங்கே வரச் சொல்றேன். அப்பாவை மாத்திடலாம்."

"வேணாம்ணா. அவரை இன்னொரு தடவை தூக்கி அலைக்கழிக்காதே."

"நீ சும்மா இரு. விலையைப் பார்த்து ஏமாந்துட்டே." எண்ணை அழுத்தினான். மணி போனது.

"அவங்க உன்கிட்ட எடை கேட்டாங்களா?" என்றாள் தங்கை.

"கேட்டாங்க. நூத்திப்பத்து கிலோன்னேன். ஏன்?"

முதலாளியம்மாதான் பதில் சொன்னாள், குரலைத் தாழ்த்தி.

"சார், அப்பாவை உங்க வீட்டு மாடியிலேர்ந்து நானும் டிரைவரும்தான் இறக்கினோம். நடுவுல எங்கேயும் கீழே வைக்கலை."

"ரெண்டே பேரா? பொய்!"

"பொய் இல்லைண்ணா" என்றாள் தங்கை.

"தினமும் போன்ல பேசினேனே! அதே குரல்டீ. முந்தாநாள்கூட 'வேலையைப் பாருடா கழுதை'ன்னு திட்டினார்."

"நீ கூப்பிடற நேரம் அவருக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி என்கிட்டகூடப் பேச மாட்டார், மூச்சைச் சேர்த்து வெச்சுக்குவார். நீ போனை வெச்சதும் அப்படியே சாய்ஞ்சிடுவார். வீடியோ வேணாம்னு ஏன் அடம் பிடிச்சார்னு நினைக்கறே?"

"நீ ஏன் சொல்லலை?"

"சத்தியம் வாங்கிட்டார்." மூக்கைத் துடைத்தாள். "நீயா வந்து பார்ப்பேன்னும் நினைச்சேன்."

போனில் யாரோ எடுத்திருந்தார்கள். "ஹலோ? சொல்லுங்க சார். ஹலோ?"

அவன் துண்டித்தான்.

உள் அறையில் விளக்கு வெள்ளையாக எரிந்தது. துணிக்கு அடியில் ஓர் ஆள் இருப்பதாகவே தெரியவில்லை. முதலாளியம்மா துணியை விலக்கினாள். மூக்கு மட்டும் அப்பாவுடையது. மற்றதையெல்லாம் நோய் எடுத்துக்கொண்டிருந்தது. நெஞ்செலும்புகளை அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

பக்கத்தில் சாதா பெட்டி, திறந்தபடி. அதில்கூட இடம் மிஞ்சும்.

டிரைவர் முன்னால் வந்தார். "நான் தூக்கறேன்" என்றான் அண்ணன். தலைமாட்டில் நின்று தோள்களுக்கு அடியில் கை கொடுத்தான். தங்கை கால்மாட்டுக்குப் போனாள். ரோடு ரோலரைத் தூக்கப்போகிறவன்போல முழங்காலை மடக்கி, பல்லைக் கடித்து, ஒரே மூச்சில் எழும்பினான்.

அப்பா சட்டென்று அவன் மார்புவரை வந்துவிட்டார்.

"மெதுவா" என்றாள் தங்கை. "அவ்வளவு பலம் வேணாம்ணா."