குழியானைக்கு இறக்கை முளைத்த நாள்

நதியா டீச்சர் கதை சொல்ல ஆரம்பித்தால் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். படவேட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி ஜவ்வாதுமலைக்கு வருகிறவள் அவள். அன்றைக்குக் குழியானைக் கதை. பள்ளிக்கூடச் சுவரோரப் புழுதியில் புனல் மாதிரிக் குழி பறித்து, அடியில் பதுங்கி எறும்பு பிடிக்கிற அந்தப் பூச்சியைப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

“கடைசியில குழியானை பளபளன்னு ஒரு வண்டா மாறிப் பறந்து போச்சாம்” என்று முடித்தாள்.

ஆறு வயதுப் பூங்கோதை எழுந்து நின்றாள். “நீங்க பாத்தீங்களா டீச்சர்?”

நதியாவுக்குச் சுருக்கென்றது. அவள் பார்த்ததில்லை. புழு வண்ணத்துப்பூச்சி ஆவது தெரியும். அதே வேகத்தில் இதற்கும் ஒரு முடிவை அடித்துவிட்டிருந்தாள்.

“பாக்கலடா கண்ணு. சும்மா கதைக்குச் சொல்லிட்டேன். நெசமா இன்னா ஆவுதுன்னு வளத்துப் பாத்துடலாமா?”

பதினெட்டுப் பிள்ளைகளும் வெளியே ஓடினார்கள். சலித்த மண்ணைப் பாதி நிரப்பிய பெரிய கண்ணாடி பாட்டிலுக்குள், இருப்பதிலேயே கொழுத்த குழியானை குடியேறியது. பின்பக்கமாகவே நடந்து மண்ணுக்குள் மறைந்தது. எறும்பு போட தினம் ஒருவர் முறை. யார் முறை என்பதில் தினம் ஒரு சண்டை.

மூன்றாவது வாரம் குழி தூர்ந்துபோனது. எறும்பு போட்டாலும் ஒன்றும் அசையவில்லை.

“செத்துப்போச்சி டீச்சர்” என்று ரஞ்சித் அழுதேவிட்டான்.

நதியா மண்ணைச் செய்தித்தாளில் கொட்டிக் கிளறினாள். பூச்சியைக் காணோம். சுண்டைக்காய் அளவு மண்கட்டி ஒன்று உருண்டு வந்தது. அதை எடுத்து வெளியே வீசப்போனாள்.

“வாணாம் டீச்சர்!” பூங்கோதை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “மண்ணு தானா இவ்ளோ ரவுண்டா வராது. அதுதான் செஞ்சிகீது. உள்ள கீது டீச்சர்!”

நதியா உருண்டையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். மெல்லிய பட்டு நூல் மண்துகள்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. பூப்போல அதை மண்மேல் திருப்பி வைத்தாள்.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அன்று மத்தியானத்திலிருந்தே மழை, கரெண்டும் இல்லை. வகுப்பறை மாலை போல இருண்டிருந்தது.

“டீச்சர்! ஓடியாங்க!” ரஞ்சித் வீறிட்டான்.

உருண்டையில் ஓட்டை. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, கசங்கிய காகிதம் போன்ற இறக்கைகளோடு கண்ணாடியில் ஏறப் பார்த்துச் சறுக்கிச் சறுக்கி விழுந்தது. ஏறித் தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை இப்படியே காய்ந்துவிடுமே! நதியா பதறித் திரும்புவதற்குள் பூங்கோதை விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி பாட்டிலுக்குள் நட்டுவிட்டாள்.

அது தொற்றியது. ஏறியது. நுனியில் தொங்கியது. கசங்கல் கொஞ்சம் கொஞ்சமாக நீவி விட்டதுபோல் விரிந்தது. நான்கு நீள இறக்கைகள், கண்ணாடி மாதிரி, நரம்பு நரம்பாக!

“தட்டான்!”

“இல்ல, நல்லாப் பாருங்க” என்றாள் நதியா. குரல் கிறீச்சிட்டது. “தட்டானுக்கு ஏது இம்மாம் பெரிய கொம்பு? இது வேற. வண்டும் இல்ல. நான் சொன்னது தப்பு!”

டீச்சர் தன் தப்பைச் சொல்லிக் குதிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் குதித்தார்கள்.

பள்ளி விட்டும் ஒருவரும் கிளம்பவில்லை. பூங்கோதையைத் தேடிக் குடையோடு வந்த அவள் அம்மா முனியம்மா, “வூட்டுக்கு வர்ற நெனப்பே இல்லியாடி?” என்று ஆரம்பித்தவள், பாட்டிலைப் பார்த்ததும் குடையை மடக்கிவிட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே குந்திக்கொண்டாள்.

மழை விட்டது. பாட்டிலிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்த குச்சியிலிருந்து அது தடுமாறி எழும்பி, புளியமரத்துப் பக்கம் போய் மறைந்தது.

அப்போதுதான் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நதியா பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓட, பிள்ளைகள் அத்தனை பேரும் கூச்சலோடு பின்னால் ஓடினார்கள்.

“இன்னா டீச்சர், இன்னா ஆச்சி?” என்று பயந்துபோய்க் கேட்டார் கண்டக்டர்.

பதினெட்டுக் குரல்களும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கின.