முப்பத்தொரு நலம்விரும்பிகள்

யுகேந்திரனுக்கு எதிராக யாரும் சதி செய்யவில்லை என்பதை அவருக்குப் புரியவைப்பதற்காகக் கிள்ளானில் முப்பத்தொரு பேர் ரகசியமாகச் சதி செய்துகொண்டிருந்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ரமணிக்கு வரவில்லை. அவள் யுகேந்திரனின் மனைவி, முப்பத்தொரு பேரில் முதல் ஆள்.

யுகேந்திரன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன், யார்டில் டீசல் திருடுகிறார்கள் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னார். திருட்டு நின்றதோ இல்லையோ, மறுநாளிலிருந்து கேன்டீனில் அவர் மேசையில் யாரும் உட்காரவில்லை. இரண்டு முறை அவர் லோரி டயரில் ஆணி இருந்தது. அதுவரை எல்லாம் நிஜம். அதற்கப்புறம் பயம் தானாக நடக்கக் கற்றுக்கொண்டது. டீசல் கும்பல் பிளாட்டுக்கு எதிரே மோட்டார்சைக்கிளில் நிற்கிறது, கடைச் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறது, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிவரை ஏறிவிட்டது என்றார். வேலையை விட்டார். தொப்பி, முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி மூன்றும் இல்லாமல் வாசல் தாண்டுவதில்லை. சார்டின் டின்னைத் தானே வாங்கி, தானே திறந்து, தானே தின்றார்.

அடுத்தவர் கையிலிருந்து அவர் வாங்கியது ஒன்றே ஒன்றுதான். காலையில் ரமணி போடும் டீ.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். யுகேந்திரன் அதைத் தொடமாட்டேன் என்றார். உடனே ரமணியின் அண்ணன் தம்புசாமி வந்து இறங்கினார். முப்பது வருடம் ஆஸ்பத்திரி ஸ்டோரில் பஞ்சும் பேண்டேஜும் எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அதனால் குடும்பத்தில் அவர்தான் டாக்டர்.

“டீ குடிக்கிறாருல்ல? அப்புறம் என்னா? இடிச்சு அதுல போட்டுடு. சின்னப் புள்ளைக்குப் பூச்சி மருந்து குடுக்கல?”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாண்ணே?”

“நான் எதுக்கு இருக்கேன்?”

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு அந்த வீட்டில் பழக்கமில்லை. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்க ரமணி கற்றுக்கொண்டாள். தம்புசாமி அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு குழு திறந்தார். ‘யுகேந்திரன் நலம்விரும்பிகள்’ என்று பெயர், மேலே முருகன் படம். காலை ஏழே காலுக்கு ரமணி அதில் ‘குடிச்சாச்சு’ என்று போடுவாள். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்து விழும். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ‘மாமா லிஃப்ட்ல இறங்குறார்.’ ‘அத்தான் சார்டின் வாங்குறார், ரெண்டு டின்.’ ‘கண்ணாடி போட்டிருக்கார், ஆனா இன்னிக்கு வெயில்தான்.’ நடுநடுவே ஒருத்தி முறுக்கு ஆர்டர் எடுத்தாள். நல்ல மனசுக்காரர்கள்தான், அதில் சந்தேகமே வேண்டாம். அந்த நல்ல மனசுதான் பிராணனை வாங்கியது.

மருந்து உள்ளே போனால் உடம்பு சும்மா இருக்குமா?

“டீ குடிச்சா உடம்பு கனக்குது ரமணி. டின் பால்ல என்னமோ கலந்துருக்கானுங்க.”

ரமணி டின் பாலை மாற்றினாள். கனம் போகவில்லை. டீத்தூளை மாற்றினாள், சீனியை மாற்றினாள். கடை கடையாக இருவரும் சேர்ந்தே போய் எதில் விஷம் என்று தேடினார்கள். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. கடைசியில் அவர், “நீ ஜாக்கிரதையா இரு. நீயும் இதத்தானே குடிக்கிற,” என்றார். அன்று அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிரிக்பீல்ட்சில் ஷாமினி என்று ஒரு சைக்காலஜிஸ்ட் இருப்பதாக அடுத்த பிளாட்டுக்காரி சொன்னாள். யுகேந்திரன் அங்கே போகச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், போனில் அந்தப் பெண் பைத்தியம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. “தூக்கம் இல்லன்னு அக்கா சொன்னாங்க. அதப் பத்தி மட்டும் பேசுவோமாண்ணே?” என்றாள். வாரம் ஒருமுறை இருவரும் கொமுட்டர் ரயில் ஏறிப் போனார்கள். மாலை கட்டும் கடைக்கு மேல் மாடியில் சின்ன அறை. ஷாமினிக்கு வயது முப்பது இருந்தால் அதிகம்.

அவள் அவரிடம், நீங்கள் நினைப்பது பொய் என்று ஒருநாளும் சொல்லவில்லை. “நான் அங்க இல்லண்ணே, எனக்குத் தெரியாது. நெசமாவும் இருக்கலாம். ரெண்டு ஆணிய வச்சுப் பயம் மிச்சத்தக் கட்டியும் இருக்கலாம். ரெண்டையும் பாப்போம். இப்ப எத்தன பர்சன்ட் நம்புறீங்க?”

“நூறு.”

ஒரு மாதத்தில் தூக்கம் கொஞ்சம் வந்தது, நூறு எண்பத்தைந்தானது. தம்புசாமிக்குப் பொறுக்கவில்லை. “பர்சன்ட் குறைக்கிறதுக்கு இது என்னா, தீபாவளி சேலா?” என்றார். மாத்திரை எடுக்கிறாரா என்று ஷாமினி கேட்டபோது, எடுக்கிறார் என்று ரமணி சொன்னாள். எடுத்தார்தானே!

பிறகு ஷாமினி ஒரு பரீட்சை வைத்தாள். “தொப்பி, கண்ணாடி எல்லாத்தையும் கழட்டிட்டு நடந்தா எத்தன பேரு உங்களையே உத்துப் பாப்பாங்க?”

“பத்துக்குக் கொறையாது.”

முதலில் பிரிக்பீல்ட்சிலேயே நடந்து பார்த்தார். ஒருவர்தான் பார்த்தார், அவரும் “பாஸ், பூ வேணுமா?” என்றார். யுகேந்திரன் திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை, முகத்தில் இரண்டு வருடமாகக் காணாமல் போயிருந்த ஒரு சிரிப்பு. எண்பத்தைந்து எழுபதானது. அடுத்தது சொந்த மண். சனிக்கிழமை சாயந்திரம், கிள்ளான் லிட்டில் இந்தியாவில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தனியாக நடக்க வேண்டும்.

“அக்கா, இத யார்கிட்டயும் சொல்லாதீங்க,” என்றாள் ஷாமினி.

ரமணி யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும்தான் சொன்னாள்.

தம்புசாமிக்குத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் நடத்திப் பழக்கம். மாப்பிள்ளை தனியாக நடக்கிறார், மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டு, ஆள் பிரித்து, இடம் பிரித்து, குழுவிலேயே வேலை கொடுத்துவிட்டார். ‘குடிச்சாச்சு’ போட்டதும் போனை மூடிவிடும் ரமணி அதைப் படிக்கவில்லை. சனிக்கிழமை வந்தது. ரமணி தெருமுனையில் நின்றாள். கணவர் வெறும் முகத்தோடு நடந்து போவதைப் பார்க்க நெஞ்சு பூரித்தது. பிறகுதான் வடைக் கடையில் சித்தப்பா பத்திரிகைக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்தாள். நகைக்கடை வாசலில் இரண்டு மருமகள்கள். ஜோசியக்காரனிடம் கையை நீட்டியபடி ஒன்றுவிட்ட மாமா, கண் மட்டும் ரோட்டில். மழையே இல்லாமல் ஒரு குடை. யாரோ போனில் வீடியோ எடுத்தார்கள். முறுக்குக்காரி உற்சாகம் தாங்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அடப்பாவிகளா!

யுகேந்திரன் மறுமுனைவரை போனார், பாராட்டத்தான் வேண்டும். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“பதினாலு,” என்றார். “ஒங்கண்ணன் ஜவுளிக்கடையில சேலைய மூஞ்சிக்கு நேராப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. பொண்டாட்டிக்கு ஒருநாள் சேலை வாங்கிக் குடுத்த மனுசனா அவரு? எல்லாரையும் வளைச்சிட்டானுங்க ரமணி.”

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டார். ஞாயிறு காலை ரமணி டீயோடு போனபோது அவர் ஒரு தாளை நீட்டினார். ஷாமினிக்குக் காட்ட எழுதியதாம். இடது பக்கம் சந்தேகப்பட்டவர்கள். பதினான்கு பேர், டீசல் கும்பல், தண்ணீர் இலாகா, ஒரு பால் கம்பெனி. வலது பக்கம் நம்பிக்கையானவர்கள். அங்கே ஒரே பெயர்.

“இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்,” என்று சொல்லி டீக்குக் கையை நீட்டினார்.

ரமணி கோப்பையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “பால் கெட்டுப்போச்சுங்க,” என்று சொல்லி, அதைக் கொண்டுபோய் சிங்க்கில் கொட்டினாள். ஏழே காலுக்குக் குழுவில் ‘குடிச்சாச்சா?’ என்று அண்ணன் கேட்டார். ஏழரைக்கும் கேட்டார். அவள் பதில் போடவில்லை. ஷாமினிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டாள்.

“சதியே இல்லன்னு நிரூபிக்க இவ்வளவு பெரிய சதியாக்கா?” என்றாள் ஷாமினி. குரலில் கோபம் தெரிந்தது. “மாத்திரைய டாக்டர் பாத்துக்கட்டும், நான் அவங்ககிட்டப் பேசறேன். ஆனா உங்க வீட்டுக்காரர்கிட்ட இத நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும். நாளைக்கே வாங்க.”

“சொன்னா அந்த டீயும் போயிடும்மா. அப்புறம் அவருக்கு யாரு இருக்கா?”

“சொல்லலன்னா இப்ப யாரு இருக்கா?”

திங்கட்கிழமை, மாலைக்கடை மாடியில், ரமணி போனைத் திறந்து கணவர் கையில் கொடுத்தாள். யுகேந்திரன் படித்தார். சனிக்கிழமையிலிருந்து பின்னால் போனார். யார் எங்கே நிற்பது என்று நான்கு நாள் நடந்த சண்டை அதில் அப்படியே இருந்தது. சித்தப்பாவுக்கு வடைக் கடைதான் வேண்டுமாம், நகைக்கடைப் பக்கம் வெயிலாம். யுகேந்திரனின் தோள் குலுங்கியது. ரமணி பயந்துபோனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு தெருவுல நிக்கிறதுக்கே இவனுங்களுக்குள்ள இத்தன அடிதடி. இவனுங்களா என்னக் கொல்லப் போறானுங்க?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்னயும் இதுல சேரு.”

சேர்த்தாள். முப்பத்தொரு வாயும் ஒரே நேரத்தில் அடைத்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தம்புசாமி ஒரு ரோஜாப் பூ போட்டு ‘வணக்கம் மாப்பிள்ளை’ என்றார். அதன் பிறகு ஒவ்வொருவராகக் குழுவை விட்டுக் கழன்றார்கள்.

“எத்தன பர்சன்ட்ண்ணே?” என்றாள் ஷாமினி.

“அம்பது. டீசல் கும்பல் வேற. அவனுங்க இவனுங்க மாதிரி மொக்க இல்ல.” சொல்லிக்கொண்டே இன்னும் பின்னால் தள்ளினார். அப்புறம் சிரிப்பு நின்றது. விரல் மெதுவாக நகர்ந்தது. குடிச்சாச்சு. குடிச்சாச்சு. குடிச்சாச்சு.

“ஒடம்பு கனக்குதுன்னு சொன்னேன்ல,” என்றார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “டின் பால மாத்துன.”

“தப்புதாங்க. ரொம்பத் தப்பு.” வேறு என்ன சொல்வது? அவளுக்கு அழக்கூட அருகதை இல்லை என்று தோன்றியது. ஷாமினி நடுவில் புகுந்து யாரையும் தேற்றவில்லை. கடைசியில் ஒன்றுதான் சொன்னாள். டாக்டர் எடுக்கச் சொல்கிறார், ஆனால் எடுப்பதும் எடுக்காததும் இனி உங்கள் முடிவு, உங்களுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது.

ஸ்டேஷனில் ரயில் வந்ததும் அவர், “நீ பொம்பளைங்க பெட்டியில ஏறு,” என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் முதல்முறையாக ரமணி தனியாகக் கிள்ளான்வரை வந்தாள்.

மறுநாள் காலை அவள் எழுந்தபோது அடுப்படியில் சத்தம் கேட்டது. யுகேந்திரன் டீ போட்டுக்கொண்டிருந்தார். மேசையில் மாத்திரை அட்டை பகிரங்கமாகக் கிடந்தது. ஒரு கோப்பையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். தன் கோப்பையைத் தொடவில்லை.

ரமணி கோப்பையைத் தூக்கினாள். ஆவி வந்தது. உள்ளே பார்த்தாள். ஏதாவது போட்டிருப்பாரோ? ஒரு நொடிதான். ஆனால் கை உதட்டுக்குப் போகாமல் நின்றுவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

“பயமா இருக்கா?”

பொய் சொல்லலாமா என்று நினைத்தாள். போதும் என்று தோன்றியது. “இருக்குங்க.”

“எனக்கு ரெண்டு வருசமா இப்படித்தான். ஒன் டீ ஒண்ணத் தவுத்து.”

அவள் கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் குடித்தாள். வெறும் டீ, சீனி அதிகம். அவர் காலிக் கோப்பையை எட்டிப் பார்த்தார். பிறகு அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைத் தானே பிரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, வாயில் போட்டு நறுக்கென்று கடித்தார். முகம் கோணியது.

“கசக்குது,” என்றார். “டீயில தெரியவே இல்ல. நல்லாத்தான் கலக்கியிருக்க.”