கையைத் திறக்க முடியாது

சவ வண்டி நீளமாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பியது. பின்னால் நின்ற டாக்சியில் மகள் இத்தோவை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள் ஷிஹோ. அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் முன்வண்டியில் இருந்தான். தொயாமா நகரத்தைத் தாண்டித் தகனசாலைக்கு நாற்பது நிமிஷம் ஆகும்.

அப்பா பயந்தாங்கொள்ளி. ஷிஹோவும் அதே ரகம்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அந்தக் கண் குடும்பத்தில் இவர்கள் இரண்டு பேருக்கும் வாய்த்திருந்தது. தினமும் காலை ஆறரைக்கு அவர் போன் வந்துவிடும். கேஸை மூடினாயா, ரோட்டில் பனி உறைந்திருக்கிறதாம், குழந்தை எந்த ஓரமாகப் போகிறாள்? முந்தாநாள் ஆஸ்பத்திரியில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோதும் கடைசியாகக் கேட்டது கேஸைத்தான். மூடிவிட்டேன் என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஏழு வயது இத்தோவுக்கும் இப்போது தினமும் காலையில் வயிற்றுவலி. வயிற்றில் ஒன்றுமில்லை என்றுவிட்டார் டாக்டர். பள்ளிக்கூடத்து ஆலோசகர் ஷிஹோவைத் தனியே கூப்பிட்டு, குழந்தை உலகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை, நீங்கள் பயப்படுவதைப் பார்த்துத்தான் பயப்படுகிறாள் என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷிஹோவுக்கு அவமானமாக இருந்தது.

பாதி வழியில் பையிலிருந்து ஒரு சோற்று உருண்டையைப் பிரித்து நீட்டினாள்.

"வேணாம்."

"பசிக்கலையா?"

"பசிக்குது. கையைத் திறக்க முடியாது."

அப்போதுதான் பார்த்தாள். இரண்டு கைகளிலும் கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கி மூடியிருந்தாள் குழந்தை. ஜப்பானில் கட்டைவிரலுக்குப் பெற்றோர் விரல் என்றுதான் பெயர். சவ வண்டி போகும்போது அதை மறைக்காவிட்டால் அப்பா அம்மா செத்துப்போவார்கள் என்பது பிள்ளைகளின் பயம். வண்டி தெருமுனை திரும்பியதும் கையை விட்டுவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். இந்த வண்டியோ இருபது நிமிஷமாகக் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறது.

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நீதான் பண்ணிட்டிருக்கியே."

ஷிஹோ குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கையும் முழங்கால்மேல் மூடியிருந்தது, கட்டைவிரல் உள்ளே. எப்போது மூடினாள் என்றே தெரியவில்லை. யாருக்காக? அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா இதோ முன்னால் போகிறார். மறைத்துக் காப்பாற்ற இனி அவளுக்கு ஒருவரும் இல்லை.

ஆனால் இத்தோவுக்கு இருக்கிறாள், ஒரே ஒருத்தி.

அம்மா சாகவே மாட்டேன் என்று சொல்லிவிடலாம். அது பொய். ஷிஹோ தன் கையைத் திறந்து, குழந்தை பார்க்கும்படி கட்டைவிரலை வெளியே எடுத்தாள்.

"அம்மாவுக்கும் பயமாத்தான் இருக்கு. பயம் அதுபாட்டுக்கு இருக்கட்டும், நீ சாப்பிடு."

இத்தோ வண்டியைப் பார்க்கவில்லை, அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஷிஹோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு ஒரு கை திறந்தது. கொஞ்சம் கழித்து மற்றதும். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

சோற்றுக்குள் வைத்திருந்த ஊறுகாய்ப் பழத்தின் புளிப்புக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் உருண்டையைப் பிடித்துச் சாப்பிட்டாள் குழந்தை. ஷிஹோவின் கை திறந்தபடியே முழங்கால்மேல் கிடந்தது. அந்தக் கட்டைவிரலை எங்கே வைத்துக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.